தகப்பனை எதிர்க்காத அப்சலோம்

சிவனைத் தவிர வேறு தெய்வத்தைத் திரும்பியும் பார்க்காத தியாகராசா, தன் ஒரே மகனுக்குக் கிறிஸ்தவ வேதத்திலிருந்து பெயர் எடுத்தார். அதிலும் தகப்பனுக்கு எதிராகப் படை திரட்டித் தகப்பனை அரண்மனையை விட்டே ஓடவைத்த மகனின் பெயரைத் தேடி எடுத்தார். தெரிந்து செய்ததல்ல. புத்தகத்தைப் பாதியில் மூடியதால் வந்த வினை.

1988 தை மாதம். ஜெர்மனியில், ஹம் நகரத்தின் ஓரத்தில் ஓர் அகதி முகாம். நாலு குடும்பத்துக்குச் சமைக்க ஒரு குசினி. மனைவி கமலநாயகிக்கு ஒன்பதாம் மாதம். தேவாலயத்திலிருந்து வந்த உடுப்பு மூட்டைக்குள், கம்பளிக் காலுறைகளுக்கு நடுவே, ஒரு தமிழ் வேதப் புத்தகம் இருந்தது. தியாகராசா அதைப் பக்தியோடு திறக்கவில்லை, கணக்கோடு திறந்தார். பிள்ளைக்கு ஒரு வேதப் பெயர் இருந்தால் அகதி விண்ணப்பம் மேசைகளில் சற்றுக் கெதியாக நகரும் என்பது அவருடைய கணிப்பு. திறந்த பக்கத்தில் ஒரு ராசா இருந்தார், தாவீது என்று. அவருக்கு அப்சலோம் என்றொரு மகன் இருந்தான். காலிலிருந்து தலைவரை குறை சொல்ல இடமில்லாத அழகன். முடி அப்படி வளருமாம். வருடத்துக்கு ஒருமுறை வெட்டி நிறுத்துப் பார்ப்பார்களாம். இவ்வளவும் வாசித்தபோது, அடுப்பு இப்போது உங்கள் முறை என்று யாரோ கூப்பிட்டார்கள். தியாகராசா புத்தகத்தை மூடிவிட்டுப் பருப்பு வைக்கப் போனார். இன்னும் நாலைந்து பக்கம் புரட்டியிருந்தால் பிள்ளைக்குச் சுதாகரன் என்றோ வேறேதோ பெயர் கிடைத்திருக்கும்.

பிறப்புப் பதிவில் இருந்த ஜெர்மன்காரி பெயரை வாசித்துவிட்டு இரண்டு தரம் நிமிர்ந்து பார்த்தாள். நிச்சயமாக இதுதானா என்று கேட்டாள். தியாகராசா பெருமையாகத் தலையாட்டினார். ஏதோ சொல்ல நினைத்தவள்போல அவள் வாயைத் திறந்தாள். ஆனால் சொல்வதல்ல, எழுதுவதுதான் அவளுடைய வேலை. எழுதினாள். விண்ணப்பம் அதற்குப் பிறகும் நாலு வருடம் எடுத்தது.

முகாமில் அடுத்த அறைக்காரன் தபோதரன் மட்டும் விடவில்லை.

“என்னண்ணை, மருந்துப் பேர் மாதிரிக் கிடக்கு. சாப்பாட்டுக்கு முன்னமோ பின்னமோ?”

“ராசாவின்ரை மோன்ரை பேரடா.”

“எந்த ராசா?”

“பெரிய ராசா.”

கமலநாயகிக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. கடைசிவரை அவள் மகனைத் தம்பி என்றே கூப்பிட்டாள்.

தன் பெயர்க்காரனைப் பற்றிய மிச்சக் கதையை அப்சலோம் ஒன்பதாவது வயதில் பள்ளிக்கூடத்தில் தெரிந்துகொண்டான். சமய பாடத்துக்குப் போக வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கலாம். தியாகராசா எழுதிக் கொடுக்கவில்லை. நல்லது எங்கிருந்து வந்தாலும் வரட்டும் என்றார். ரீச்சர் பெரிய படங்களை ஒவ்வொன்றாகக் கரும்பலகையில் ஒட்டிக் கதை சொன்னாள். இளவரசன் அப்சலோமுக்கு ஒரு தங்கை. அவளைக் கெடுத்தவன் இன்னொரு தாயின் பிள்ளை, அவர்களுடைய அண்ணன்தான். தகப்பன் கோபப்பட்டார், ஆனால் ஒன்றும் செய்யவில்லை. அப்சலோம் இரண்டு வருடம் பேசாமல் இருந்து, விருந்துக்குக் கூப்பிட்டு அவனைக் கொல்லுவித்தான். பிறகு ஊரை விட்டு ஓடினான். தாவீதின் தளபதி அவர் மனதைக் கரைத்து அவனைத் திரும்ப அழைப்பித்தான். ஆனால் ஊருக்குள் வரலாம், என் முகத்தில் விழிக்கக்கூடாது என்றார் தகப்பன். ஒரே ஊரில் இரண்டு வருடம் அப்படியே போனது. அதன்பின் முத்தம் கொடுத்து ஏற்றுக்கொண்டார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. மகன் ஊர் வாசலில் நின்று, வழக்குக்கு வந்த சனத்தின் கையைப் பிடித்து, நான் நீதிபதியாக இருந்தால் உங்களுக்கு இந்தக் கதி வராது என்று சொல்லிச் சொல்லியே அவர்களைத் தன் பக்கம் இழுத்தான். ஒருநாள் தானே ராசா என்றான். கிழவர் வெறுங்காலோடு அழுதுகொண்டு மலையேறி ஓடினார். காட்டில் சண்டை நடந்தது. இளவரசன் ஏறிப்போன கோவேறு கழுதை ஒரு பெரிய ஓக் மரத்தின்கீழே நுழைந்தபோது அவன் தலை கிளைகளில் மாட்டிக்கொண்டது. கழுதை நிற்காமல் போய்விட்டது. தொங்கியவனைத் தளபதி குத்திக் கொன்றான்.

வகுப்பு முழுவதும் திரும்பி அவனைப் பார்த்துச் சிரித்தது. அன்றைக்கு இடைவேளையில் அவனை விளையாட்டுத் திடல் மரத்தில் தொங்கவைக்க முயன்ற கதையும் உண்டு. அவனுக்கு அது பெரிதாகப் படவில்லை. மற்றப் பிள்ளைகள் கழுதையைப் பார்த்தார்கள். அவன் கடைசிப் படத்தைப் பார்த்தான். அதில் தளபதியும் இல்லை, பிணமும் இல்லை. வாசலுக்கு மேலேயுள்ள அறையில் ஒரு தகப்பன் முகத்தை மூடிக்கொண்டு அழுகிறார். பிள்ளையை ஒன்றும் செய்துபோடாதேயுங்கோ என்று படைக்குச் சொல்லி அனுப்பியவர் அவர். உனக்குப் பதிலாக நான் செத்திருக்கக்கூடாதா என்று கேட்டு அழுகிறார் என்றாள் ரீச்சர்.

அதற்கு ஒரு மாதம் முன்புதான் யாழ்ப்பாணத்திலிருந்து தொலைபேசி வந்திருந்தது. தியாகராசாவின் தம்பி ஷெல் குண்டு விழுந்து செத்துப்போனார். தியாகராசா ரிசீவரை வைக்காமல், நடைபாதைச் சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்து, அந்தப் படத்தில் இருந்தவரைப் போலவே அழுதார். மகன் கதவிடுக்கால் பார்த்துக்கொண்டு நின்றான். தகப்பன்மாருக்கு அப்படியொரு சத்தம் உண்டு என்பது அன்றுவரை அவனுக்குத் தெரியாது.

ஒன்பது வயதில் எடுக்கும் முடிவுகளை மனிதர்கள் பொதுவாகப் பத்து வயதில் மறந்துவிடுவார்கள். அவன் மறக்கவில்லை. தகப்பனை எதிர்ப்பதில்லை. செத்துப்போவேன் என்ற பயத்தில் அல்ல. அந்தச் சத்தம் தன்னால் வரக்கூடாது. கதையை அவன் வீட்டில் சொல்லவுமில்லை.

எதிர்க்காமல் ஒரு வாழ்க்கையை நடத்துவது அவ்வளவு கஷ்டமல்ல, பழகிவிடும். படிப்பைத் தொடரலாம் என்று பள்ளிக்கூடம் பரிந்துரைத்தது. கெதியாக உழைக்கப் பழகு என்றார் தகப்பன். கம்பித் தொழிற்சாலையில் அவுஸ்பில்டுங் என்ற பயிற்சிக்குச் சேர்ந்து, இயந்திரம் பார்ப்பவன் ஆனான். சீட்டுக் கணக்கு எழுதுவதும், அலுவலகங்களுக்கு ரெர்மின் என்ற சந்திப்பு நேரம் எடுப்பதும், தகப்பனைக் கோயிலுக்கு ஏற்றி இறக்குவதும் அவன் பொறுப்பு. மீசை வைக்கச் சொன்னபோது வைத்தான். எடுக்கச் சொன்னபோது எடுத்தான். நிறுத்துப் பார்க்கும் அளவுக்கு முடி வளர்ந்த ஒருவனின் பெயர்க்காரனுக்கு இருபத்தாறு வயதிலேயே உச்சந்தலை வெளித்துவிட்டது. அதற்கும் அவன் எதிர்ப்புத் தெரிவிக்கவில்லை.

இதில் வேடிக்கை, தகப்பனுக்கே அது பிடிக்கவில்லை. “தங்கமான பிள்ளை” என்று கோயிலில் சொல்வார். காரில் ஏறியதும், “உனக்கெண்டு ஒரு கதை இல்லையோடா? எல்லாத்துக்கும் ஓமெண்டா மனுசனோ?” என்பார்.

“ஓமப்பா” என்பான் அவன்.

ஒரே ஒருமுறை அவனுக்கென்று ஒரு கதை வந்தது. அன்ரனிற்றா தாதிப் பயிற்சியில் இருந்தாள். காலை ரயிலில் எதிர் இருக்கை. பாசையூர்க் கத்தோலிக்கக் குடும்பம். அவன் பெயரைக் கேட்டதும் ரயில் பெட்டி திரும்பிப் பார்க்கச் சிரித்தவள் அவள். “அப்ப உம்மோடை பழகிறது கவனமாத்தான். உம்மடை கொப்பர் ஓடி ஒளிச்சிட்டாரோ?” ஒன்றரை வருடம் அந்த ரயில் தாமதமாகும்போதெல்லாம் இருவரும் சந்தோசப்பட்டார்கள்.

பிள்ளைக்கு வேதத்திலிருந்து பெயர் எடுத்த தியாகராசா, வேதக்காரப் பெண் வேண்டாம் என்றார். அப்போது அவர் குசினித் தண்ணீர்க் குழாயைத் திருத்திக்கொண்டிருந்தார். தலையைத் தொட்டிக்குக் கீழிருந்து எடுக்கவுமில்லை. “வேதக்காரர் எங்களுக்குச் சரிவராது. வேண்டாம்” என்றார். “சரியப்பா” என்றான் மகன். குழாய்த் திருகியை எடுத்துக் கொடுத்துவிட்டு வெளியே போனான். எல்லாமாக நாலு நிமிடம்.

அன்ரனிற்றா ஹம் ரயில் நிலைய மேடையில் காத்திருந்தாள்.

“என்னவாம்?”

“வேண்டாமாம்.”

“நீர் என்ன சொன்னனீர்?”

“சரி எண்டனான்.”

“உம்மடை பேரிலை இருந்தவன், தகப்பன் முகம் காட்டேல்லை, தளபதியும் கூப்பிட வரேல்லை எண்டு தளபதியின்ரை வயலுக்கு நெருப்பு வைச்சவன். வயலுக்கு. நீர் ஒரு கதவைக்கூட அடிச்சுச் சாத்தமாட்டீர்.”

“அவருக்குக் கவலை வந்திடும்.”

“எனக்கு?”

அவள் அடுத்த ரயிலில் ஏறினாள். பிறகு ஹம்பேர்க்கில் வேலை எடுத்து, அங்கேயே ஒருவரைக் கலியாணம் செய்து, இரண்டு பிள்ளைகளுக்குத் தாயானாள் என்று கேள்விப்பட்டான். அவனுக்கு வந்த சம்பந்தங்கள் ஒவ்வொன்றும் தானாகவே தட்டிப்போயின. ஒன்றையும் அவன் மறுத்ததாகச் சொல்ல முடியாது.

2021இல் தியாகராசாவின் இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டன. சலரோகம் என்கிற நீரிழிவு முப்பது வருடமாக மெதுவாகச் செய்த வேலை அது. திங்கள், புதன், வெள்ளி, டயாலிசிஸ் நிலையத்தில் நாலு மணித்தியாலம் சாய்கதிரையில். இரத்தம் வெளியே போய்க் கழுவப்பட்டுத் திரும்பி வரும், வரும்போது குளிரும். அதற்காக அவர் வீட்டிலிருந்து தன்னுடைய பழுப்புக் கம்பளியைக் கொண்டுபோய் அங்கேயே வைத்திருந்தார். ஒருநாளைக்கு இத்தனை கோப்பைதான் தண்ணீர் என்று அளவு. அளவை மீறி ஐஸ்கட்டியைச் சூப்புவார். கேட்டால் அது தண்ணியில்லை, கட்டி என்பார். செத்தவர்களின் சிறுநீரகத்துக்கான பட்டியலில் பெயரைப் போட்டார்கள். எட்டு வருடம் ஆகலாம் என்றார்கள். அறுபத்துமூன்று வயதில் இருதயமும் பலவீனமானவருக்கு எட்டு வருடம் என்பது மரியாதையாகச் சொல்லப்பட்ட வேறொரு செய்தி.

கமலநாயகிக்கும் சலரோகம், அவளால் கொடுக்க ஏலாது. மகன் யாரிடமும் கேட்காமல் போய்ப் பரிசோதித்தான். எல்லாம் பொருந்தியது. இராச்சாப்பாட்டில் சொன்னான். தியாகராசா பிட்டைக் குழைத்தபடி, “ஓ” என்றார். வேண்டாம் என்று சொல்லவில்லை. அது அவருக்கு எவ்வளவு பெரிய சம்மதம் என்று கமலநாயகிக்கு மட்டும் தெரியும்.

இந்த நாட்டுச் சட்டப்படி, உயிரோடு இருக்கும் ஒருவர் சிறுநீரகம் கொடுக்கும்முன் ஓர் ஆணைக்குழுவின் முன்னால் போய் உட்காரவேண்டும். யாரும் வற்புறுத்தவில்லை, தன் விருப்பத்தோடுதான் கொடுக்கிறார் என்று மூன்று பேர் பார்த்து உறுதிசெய்வார்கள். அப்சலோம் இரண்டு கிழமை அதற்காகத் தயாரானான். சட்டையை ஸ்திரிக்கைப் பெட்டியால் மினுக்கினான். 2023 வசந்தத்தில், ரயிலில் முக்கால் மணி தூரத்திலிருந்த நகரத்துக்குப் போனான். ஒரு வைத்தியர், ஓய்வுபெற்ற பெண் நீதிபதி, ஒரு மனவியலாளர். மூவரும் நல்ல மனிதர்கள். கோப்பி கொடுத்தார்கள்.

நீதிபதி பெயரை வாசித்துப் புன்னகைத்தார். “உங்கள் பெயருக்குரியவரின் கதை தெரியுமா?”

“தெரியும்” என்றான். இந்தக் கேள்வியைத்தான் அவன் எதிர்பார்த்திருந்தான். “நான் அவரைப் போல இல்லை. நான் ஒருநாளும் என் அப்பாவின் சொல்லை மீறியதில்லை.”

நற்சான்றிதழை மேசையில் வைப்பதுபோல அதைச் சொன்னான். இதே வசனத்தைக் கோயில் வீதியில் சொல்லியிருந்தால் மூன்று பெண்வீட்டார் சாதகம் கேட்டிருப்பார்கள். இங்கே மனவியலாளர் எதையோ எழுதினார்.

“ஒருமுறைகூடவா?”

“ஒருமுறைகூட.”

“சின்ன விஷயத்தில்? உடுப்பு, சாப்பாடு?”

அவன் நேர்மையாக யோசித்தான். அந்த நேர்மைதான் ஆளைக் கெடுத்தது. “இல்லை.”

“அவர் விரும்பாத ஒன்றை நீங்கள் விரும்பியதுண்டா?”

அவன் அன்ரனிற்றாவைப் பற்றிச் சொன்னான். தன் வழக்குக்கு அதைவிடப் பெரிய சாட்சி இல்லை என்று நினைத்தே சொன்னான். அப்பா வேண்டாம் என்றார், விட்டுவிட்டேன். வைத்தியர் கண்ணாடியைக் கழற்றினார்.

“நாளைக்கு உங்கள் அப்பா சிறுநீரகம் வேண்டாம் என்றால்?”

“கொடுக்கமாட்டேன்.”

“வேண்டும் என்றால்?”

“கொடுப்பேன்.”

“நீங்கள் என்ன விரும்புகிறீர்கள்?” என்று நீதிபதி மெதுவாகக் கேட்டார்.

அவனுக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. இரண்டு கேள்விக்கு முன்னரே பதில் சொல்லியாயிற்றே. “அப்பாவின் விருப்பம்தான்” என்றான்.

சரியான பதில் அவனுக்கு ஹம் நிலையத்துக்கு முந்திய தரிப்பில் வந்தது. எனக்கு அப்பா வேணும். அவ்வளவுதான் சொல்லியிருக்க வேண்டியது. அது உண்மையும்கூட. ரயில் பெட்டியில் எதிரே இருந்த கிழவி அவனுடைய முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு காகிதக் கைக்குட்டைப் பொதியை நீட்டினாள்.

மூன்று கிழமையில் கடிதம் வந்தது. கொடுப்பவரின் சுயவிருப்பம் குறித்துப் போதிய தெளிவு இல்லை. மனவியல் ஆலோசனை பெறவும், சிறிதுகாலம் பெற்றோரிடமிருந்து தனித்து வாழவும் பரிந்துரைக்கப்படுகிறது. அதன்பின் மீண்டும் விண்ணப்பிக்கலாம்.

தியாகராசா முதலில் சிரித்தார். சிரித்துச் சிரித்து இருமினார். “கேட்டியே கமலம், பிள்ளை நல்ல பிள்ளையாம். அதாலை ஏலாதாம்.” பிறகு கேட்டார்: “நீ அப்பிடி என்னத்தையடா அங்கை சொன்னனீ?”

சொன்னான். அன்ரனிற்றா வந்த இடத்தில் தகப்பன் கையை உயர்த்தினார்.

“பொறு. அந்தப் பாசையூர்ப் பிள்ளை. நீ அவ்வளவு விரும்பினியோ?”

“ஓமப்பா.”

“பிறகேன் திரும்பக் கேட்கேல்லை?”

“நீங்கள் வேண்டாமெண்டனீங்கள்.”

“ஒருக்கா! ஒருக்காத்தானேடா சொன்னனான். எங்கடை ஆக்களிலை முதலாவது வேண்டாம் சும்மா ஒரு முறைக்கு. தேத்தண்ணிக்கே மூண்டுதரம் கேட்கவேணும். கேட்டு, அழுது, சாப்பிடாமல் கிடந்து, தாயைத் தூது விட்டு... அப்பிடித்தானே நான் கொம்மாவைக் கலியாணம் முடிச்சனான். நீ என்னடாவெண்டால் திருகியை எடுத்துத் தந்திட்டு எழும்பிப் போட்டாய். சரி, பொடியனுக்குப் பெரிய விருப்பமில்லையாக்கும் எண்டு நானும் விட்டிட்டன்.”

கமலநாயகி அடுப்பைப் பார்த்தபடி சொன்னாள்: “ரெண்டு நாள் பாத்துக்கொண்டிருந்தவர், தம்பி. என்னட்டையும் கேட்டவர், பொடியன் ஏதும் கதைச்சவனோ எண்டு.”

அது உண்மையோ, பதினொரு வருடத்துக்குப் பின் ஒரு நோயாளி தன் மனச்சாட்சிக்குப் போட்ட போர்வையோ, இனித் தெரியப்போவதில்லை. தாயும் தகப்பனும் ஒரே கதையைச் சொல்வது இரண்டுக்குமே பொருந்தும். ஜெர்மனியில் வளர்ந்த பிள்ளைக்கு இல்லை என்றால் இல்லை. பள்ளிக்கூடம் அப்படித்தான் பழக்கியிருந்தது. யாழ்ப்பாணத்துத் தகப்பனுக்கு இல்லை என்றால் பேச்சு தொடங்குகிறது. ஒரே வீட்டில் இரண்டு பேரும் மரியாதையாக நடந்துகொண்டதில் ஒரு பெண் ஹம்பேர்க்குக்குப் போய்விட்டாள்.

“அதுசரி, உன்ரை பேருக்காரன் என்ன செய்தவனெண்டு அந்த நீதிபதி மனுசி சிரிச்சது?”

முப்பத்தைந்து வயதில், குசினி மேசையில், அப்சலோம் தகப்பனுக்கு அந்தக் கதையைச் சொன்னான். கிளையில் தலை மாட்டிய இடத்தில் தியாகராசா “ஐயோ” என்றார்.

“தகப்பன் என்ன செய்தவர்?”

“அழுதவர். வெற்றி எண்டு சனம் வருகுது, அவர் அழுதுகொண்டிருக்கிறார். பிறகு தளபதி வந்து பேசினவன், உங்களுக்காகச் சண்டை பிடிச்ச ஆக்கள் களவெடுத்த ஆக்கள் மாதிரி ஒளிச்சு வருகினம், எழும்பி வாங்கோ எண்டு. எழும்பிப் போய் வாசலிலை இருந்தவர்.”

“பாவம் மனுசன்.” எப்போது படித்தது என்று விசாரித்துவிட்டு, “ஒன்பது வயசிலை தெரிஞ்சும் ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“நீங்கள் ராசாவின்ரை மோன், ராசாவின்ரை மோன் எண்டு சந்தோசமாச் சொல்லித் திரிஞ்சியள்.”

தியாகராசா தன் கையிலிருந்த ஊசித் தழும்புகளைத் தடவினார். பிறகு குரலை உயர்த்தினார். “சரி. நாளையிலையிருந்து நீ என்ரை சொல்லைக் கேட்கக்கூடாது. விளங்குதோ?”

“ஓமப்பா.”

கமலநாயகி கரண்டியைக் கீழே வைத்தாள். “இது சரிவாற காரியமில்லை” என்றாள்.

கடிதத்தில் இருந்ததை அவன் எழுத்துக்கு எழுத்துச் செய்தான். அதே ஊரில், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், ஓர் ஒற்றை அறை எடுத்தான். கிழமைக்கு ஒருமுறை ஆலோசகரிடம் போனான். அடிக்கடி வீட்டுக்குப் போகாமல் பழகிப் பாருங்கள் என்றார் அவர். முதலில் கிழமைக்கு ஒருமுறை போனான். பிறகு இரண்டு கிழமைக்கு ஒருமுறை, அதன்பின் மூன்று கிழமைக்கும் மேல். ஒரே ஊரில் இருந்துகொண்டு தகப்பன் முகம் பாராமல் இருப்பது எப்படி என்று இளவரசன் இரண்டு வருடம் படித்ததை, இவன் எட்டு மாதத்தில் படித்தான். அவனுக்கு அது தண்டனை, இவனுக்கு மருத்துவம். திங்கள் காலைகளில் இயந்திரத்துக்கு எண்ணெய் விடும்போது, இப்போது அவருக்கு ஊசி ஏற்றுவார்கள் என்று நினைப்பான்.

தியாகராசா தன் பங்குக்குத் தானும் உழைத்தார். டயாலிசிஸ் கதிரையில் படுத்தபடி, வருகிறவர் போகிறவரிடமெல்லாம், “என்ரை மோன் என்னை எதிர்த்து வெளிக்கிட்டிட்டான்” என்று சொன்னார். கோயிலில் சொன்னார். மரக்கறிக் கடையில் சொன்னார். இப்படி நாலு பேர் கதைத்தால் அது எப்படியாவது அந்த மூன்று பேரின் காதுக்கும் போகும், மகன் சுயபுத்திக்காரன் என்று பதிவாகும் என்பது அவருடைய கணிப்பு. ஆணைக்குழுக்கள் ஹம் மரக்கறிக் கடையில் வெண்டிக்காய் வாங்குவதில்லை. கதை வேறு வழியால் போனது. கார்த்திகையில் அது, தியாகராசாவின் மகன் கிட்னி கொடுக்கமாட்டேன் என்று தகப்பனை விட்டுப் போனானாம் என்று முதிர்ந்திருந்தது.

முகாமில் அடுத்த அறையிலிருந்த தபோதரன் கடை வாசலில் மறித்தார். “முப்பத்தைஞ்சு வருசம் பொறுத்திருந்து பேருக்கேத்த வேலை செய்துபோட்டாய், என்ன?”

“மாமா, அப்பிடியில்லை...”

“எனக்குச் சொல்லாதை. கொப்பரே சொல்லுறார்.”

அவன் அன்றிரவு தொலைபேசியில் கேட்டான். “நான்தான் சொன்னனான்” என்றார் தியாகராசா. குரலில் இருந்தது பெருமை. “நீ மறுக்காதை. பேசாமல் இரு. மாசி பங்குனியிலை கூப்பிடுவாங்கள், அப்ப தெரியும்.” அதையும் அவன் கேட்டான். மறுக்கவில்லை.

இரண்டாவது விசாரணைக்குப் பங்குனி பன்னிரண்டாம் திகதி என்று ரெர்மின் வந்தது. தகப்பனிடம் தொலைபேசியில் சொன்னபோது, “நல்லாச் சண்டை பிடிச்சனாங்கள் எண்டு சொல்லு” என்றார். “என்னத்துக்குச் சண்டை எண்டு கேட்டால்?” “எல்லாத்துக்கும் எண்டு சொல்லு. எனக்கு உப்புக் குறைக்கச் சொல்லி நீ பேசினனி எண்டு சொல்லு.” “நான் பேசேல்லையே.” “அப்ப இப்ப பேசு.” அவன் முயன்றான். “அப்பா, உப்பைக் குறையுங்கோ” என்றான். “இன்னும் கொஞ்சம் உறுக்கிச் சொல்லு.” இரண்டு பேருமே சிரித்துவிட்டார்கள். அதுதான் கடைசியாகக் கதைத்தது.

மாசி மாதத்துப் புதன்கிழமை, மூன்றாவது மணித்தியாலத்தில், தியாகராசாவின் இருதயம் நின்றது. பக்கத்துக் கதிரையில் இருந்த துருக்கிக் கிழவர் அவர் நித்திரை என்று நினைத்திருந்தார். மகன் வேலையில் நின்றான். தகப்பனைக் கண்டு இருபத்துமூன்று நாள் ஆகியிருந்தது.

செத்தவீட்டுக்கு ஊர் திரண்டு வந்தது. ஊர் கமலநாயகியைக் கட்டிப்பிடித்து அழுதது. அவனைத் தாண்டிப் போனது. கொள்ளி வைக்கிற உரிமை அவனுக்கு உண்டோ என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டது எல்லோருக்கும் கேட்டது. கமலநாயகி எழும்பினாள். சத்தமாகக் கதைத்துப் பழக்கமில்லாத பெண். “அவன் குடுக்கத்தான் நிண்டவன். தகப்பன்ரை சொல்லுக்குத்தான் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தவன்” என்றாள். பெற்ற தாய் அப்படித்தானே சொல்லுவாள் என்று ஊர் தலையாட்டியது. அப்சலோம் அழவில்லை. அவன் தவிர்க்க நினைத்த சத்தம் தகப்பனுடையது. தன்னுடையதைப் பற்றி அவன் ஒருபோதும் யோசித்ததில்லை. அது எங்கிருந்து தொடங்கும் என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை.

எட்டாம் நாள், ஆணைக்குழு அலுவலகத்திலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் கூப்பிட்டாள். சிறுநீரகப் பிரிவு அறிவித்திருக்கிறது, ஆழ்ந்த அனுதாபம் என்றாள். பன்னிரண்டாம் திகதி இனித் தேவைப்படாது. விண்ணப்பக் கோப்பை மூடவேண்டும்.

“விண்ணப்பதாரர் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுகிறார் என்று பதிகிறேன். சரிதானே?”

“இல்லை” என்றான் அப்சலோம்.

அவள் அவனுக்கு விளங்கவில்லை என்று நினைத்து மெதுவாகத் திருப்பிச் சொன்னாள். பெறுபவர் காலமாகிவிட்டார், ஆகவே வழமையாக இப்படித்தான் எழுதுவோம்.

“விளங்குகிறது. நான் திரும்பப் பெறவில்லை.”

“வேறு எப்படி மூடுவது? அதற்கு இரண்டு கட்டம்தான் இருக்கிறது. திரும்பப் பெறப்பட்டது, நிராகரிக்கப்பட்டது.”

“இரண்டும் வேண்டாம். ஓரத்தில் எழுதுங்கள்.”

“என்ன எழுத?”

அவன் சொன்னான். மறுபக்கத்தில் விசைகள் தட்டப்படும் சத்தம் கேட்டது, நின்றது, திரும்பக் கேட்டது. பிறகு அவள் சரிபார்ப்பதற்காக வாசித்தாள்: அப்சலோம் தியாகராசா, பிறந்தது ஹம், தன் தந்தை உயிரோடு இருக்கவேண்டும் என்று தானே விரும்பினார்; தன் சிறுநீரகத்தைக் கொடுக்க யாரும் அவரிடம் சொல்லவில்லை.

“சரியா?” என்று கேட்டாள்.

அவன் பதில் சொல்ல வாய் திறந்தபோது வந்தது சொல் அல்ல, அந்தச் சத்தம். அந்தப் பெண் தொலைபேசியை வைக்கவில்லை. அது ஓயும்வரை, அலுவலக நேரம் முடிந்த பிறகும், காதில் வைத்துக்கொண்டிருந்தாள்.